முடக்குகிறதா, முடுக்குகிறதா?

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, வணக்கம். 'வாழ்வு நிலையில்லாதது என்று விவிலியம் சொல்வது மனிதனை முடக்குகிறதா, முடுக்குகிறதா?' முடுக்குகிறது என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் புல், பூ, நிழல், புகை என்று வசனங்களை அடுக்கிவிட்டு, 'இதைக் கேட்டபின் எவன் வேலை பார்ப்பான்?' என்றார். அவர் அடுக்கிய வேகத்தில் எனக்கே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. சரி, அவருடைய புகையையே எடுத்துக்கொள்வோம்.

விவிலியத்தில் யாக்கோபு எழுதிய நிருபம், அதாவது கடிதம், 4-ஆம் அதிகாரம். 'கொஞ்சக்காலந்தோன்றி, பின்பு தோன்றாமற்போகிற புகை' என்று அவர் யாரிடம் சொல்கிறார்? இன்ன பட்டணத்துக்குப் போய், ஒரு வருஷம் தங்கி, வியாபாரம் பண்ணிச் சம்பாதிப்போம் என்று கிளம்புகிறவர்களிடம். ஐயா, இது நம்ம கதை! அவர்களுக்கு ஒரு வருஷம். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன நம் பெரியவர்களுக்கு மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடியில் உட்கார்ந்து வட்டி எண்ணினார்கள், தேக்கு அனுப்பினார்கள், இங்கே வீடு எழும்பியது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது. பேரேட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காடும் மலையுமாய் நடந்தே ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர்! வழியிலேயே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாது என்ற அந்த வசனத்துக்குச் செட்டிநாட்டில் யாரும் உரை எழுத வேண்டியதில்லை.

ஆனால் கடையை மூடு என்றாரா யாக்கோபு? 'ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்' என்று சொல்லச் சொன்னார். 'செய்வோம்' அப்படியே நிற்கிறது, கவனியுங்கள். அந்த அதிகாரத்தை அவர் முடிப்பதே, நன்மை செய்யத் தெரிந்தும் செய்யாமல் விட்டால் அது பாவம் என்றுதான். புகை என்று சொன்ன அதே வாய்!

அப்புறம் இயேசு சொன்ன களஞ்சியக்காரன். எதிரணி அம்மா உருக்கமாகச் சொன்னார்கள், கேட்டேன். இருந்த களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவனுக்கு அன்று ராத்திரியே உயிர் போகிறது. அதற்கு முன் அவன் என்ன பேசினான் என்பதை அம்மா விட்டுவிட்டார்கள். அநேக வருஷத்துக்குச் சேர்த்தாயிற்று, இனி இளைப்பாறி, சாப்பிட்டுக் குடித்துச் சந்தோஷமாயிரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். முடங்கப் பார்த்தவன் யார்? ஆயுசு நிறைய இருக்கிறது என்று நம்பினவன்!

விவிலியப் பாடல்களில், மோசேயின் ஜெபம் என்று சொல்லப்படும் 90-ஆம் சங்கீதம் ஆயுசுக்கு 70 வருஷம், பெலமிருந்தால் 80 என்று கணக்குச் சொல்கிறது. உடனே, நாட்களை எண்ணும் அறிவைத் தா என்று கேட்கிறது. எண்ணுவதைப் பற்றி நம் ஊருக்கா பாடம் எடுப்பது? கையிருப்பு குறைவு என்று தெரிந்த செட்டியார் கல்லாவைப் பூட்டிவிட்டுக் காசிக்கா போவார்? ஒரு அணாவைக்கூட வீணாக விடமாட்டார். அந்தச் சங்கீதத்தின் கடைசி வேண்டுதல் 'எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும்' என்பது. அதையும் இரண்டு தரம் கேட்கிறார்.

நம் ஊர் வள்ளல் அழகப்பச் செட்டியாரைப் பாருங்கள். அவரை விவிலியக்காரர் ஆக்க வரவில்லை, பயப்படாதீர்கள். 1909-ல் பிறந்தார், 1957-ல் போய்விட்டார். ஐம்பதைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் கல்லூரிகள், சிக்ரி என்னும் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலம், 15 லட்சம் ரூபாய். எழுபது வயதுக்கு மேல் தருமம் பண்ணிக்கொள்ளலாம் என்று அவர் இருந்திருந்தால்?

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. கையில் இன்னும், 'எல்லாம் மாயை' என்று சொன்ன விவிலியப் பிரசங்கி இருக்கிறார். அவரை எங்கள் அணித் தங்கை பார்த்துக்கொள்வார். நன்றி, வணக்கம்.