வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் செலவு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் எனது வணக்கம். வட இலங்கையின் வன்னிப் பகுதியில் வாழும் ஏழை மக்களுக்குச் செய்யப்படும் இலவச மருத்துவ உதவி பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். ஊரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்து இந்த உதவிக்காகப் பணம் சேர்ப்பவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில், முதன்மையாக உங்களை நோக்கியே பேச விரும்புகிறேன்.

நமது அரச வைத்தியசாலைகளில் வைத்தியரைக் காண்பதற்கோ விடுதியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கோ கட்டணம் இல்லை. மாங்குளத்திலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் ஆதார வைத்தியசாலைகள் இயங்குகின்றன. ஆயினும், துணுக்காய்க்கு உட்புறமாகவோ ஒட்டுசுட்டானுக்கு அப்பாலோ காட்டோரக் குடியிருப்பொன்றில் வாழும் கூலித் தொழிலாளிக்கு வைத்தியம் இலவசமாகக் கிடைத்துவிடுவதில்லை. காலைப் பேருந்தைத் தவறவிட்டால் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும்; மாதந்தோறும் மருந்து எடுக்கும் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும் நாளில் கூலி இல்லை; நோயாளி முதியவராக இருந்தால் கூடப்போகும் மகளுடைய கூலியும் சேர்ந்து போய்விடுகிறது. மாதந்தோறும் இப்படி இழக்க முடியாத குடும்பத்தில், முதலில் கைவிடப்படுவது கிளினிக்தான். மருந்து அங்கே இருக்கிறது, நோயாளி இங்கே இருக்கிறார். இடையிலுள்ள தூரத்துக்குத்தான் பணம் தேவைப்படுகிறது.

நமது தருமசிந்தனை பெரும்பாலும் ஒருநாள் மருத்துவ முகாமாகவே வெளிப்படுகிறது. பாடசாலை மண்டபத்தில் வைத்தியர்கள் வந்து அமர்கிறார்கள், குருதியமுக்கமும் சீனியும் பார்க்கிறார்கள், கொஞ்ச நாளுக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். வருபவர்களின் நல்லெண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும் நோய்கள். கொடுத்த மாத்திரை தீர்ந்த பிறகு, முகாமில் கண்டறியப்பட்ட நோயாளியை எந்தக் கிளினிக் பொறுப்பேற்கும், அங்கே அவர் எப்படிப் போவார் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்காத முகாம் பாதி வேலையை மட்டுமே செய்கிறது. முகாம் நடத்துவதற்கு முன் அந்தப் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரியோடு பேசுவதும், நோயாளியின் கிளினிக் கொப்பியிலேயே விவரங்களைப் பதிவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

முகாம் பற்றிய இந்தக் குறை கண்புரைக்குப் பொருந்தாது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைத்து, அதன் பின் சில வாரங்கள் சொட்டு மருந்தும் சில பரிசோதனைகளும் கவனமாக முடிந்தால், பார்வையிழந்திருந்த ஒரு தாய் மறுபடியும் தனியாகக் கிணற்றடிக்குப் போய்வருவார். இத்தகைய ஒருமுறைச் சிகிச்சைக்கு முகாம் மிகவும் ஏற்றது. மூக்குக்கண்ணாடி வழங்குவதும் அப்படித்தான்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி. 2009 இல் முடிந்த போரில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பலர் வன்னிக் கிராமங்களில் வாழ்கிறார்கள். அன்று இருபது வயதில் இருந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவிட்டார்கள். அவர்களைத் தூக்கிப் புரட்டிப் பராமரித்த தாய்மார் முதுமையடைந்துவிட்டார்கள். உணர்வற்ற உடலில் ஓரிடம் நெடுநேரம் அழுந்தினால் அங்கே இரத்தவோட்டம் குறைந்து தசை அழுகத் தொடங்கும். வலி தெரியாததால் புண் பெரிதான பிறகே கண்ணுக்குப் படும். அதனால்தான் படுக்கையில் இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்றும், சக்கர நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி எழும்ப வேண்டும் என்றும் தாதியர் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு படுக்கைப்புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம். கிருமி எலும்பையோ இரத்தத்தையோ பற்றினால் உயிருக்கே ஆபத்து. சிறுநீரை வெளியேற்றச் செருகும் சிறுநீர்க்குழாயைச் சுத்தமாகப் பயன்படுத்தாவிடில் தொற்று சிறுநீரகம் வரை ஏறும்.

இவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துப் பிரசுரிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாற்காலியின் சக்கரம் நமது கிரவல் வீதியில் எத்தனை காலம் தாங்கும், உடைந்தால் யார் திருத்துவார் என்று கேட்பவர்கள் குறைவு. நல்ல மெத்தையொன்று, மாதந்தோறும் தவறாமல் சிறுநீர்க்குழாய்களும் புண் கட்டும் துணிகளும், வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து புண்ணைப் பார்க்கும் பயிற்சி பெற்ற ஒருவர்: விழா எடுக்க எதுவும் இல்லாத இந்த உதவியே அவர்களை வைத்தியசாலை விடுதிக்குப் போகாமல் காக்கிறது.

வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் கிராமங்களில் சிறுநீரக நோயும் காணப்படுகிறது. இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலைக்கு வந்தவர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் அந்த நாட்களில் வேறு வேலை செய்ய முடியாது. இயந்திரம் வாங்கித் தரப் பலர் முன்வருகிறார்கள். நோயாளிக்கு ஓராண்டுப் போக்குவரத்துச் செலவைப் பொறுப்பேற்பவரையும் நாம் அதே மதிப்போடு போற்ற வேண்டும்.

வீடு தேடிப் போகும் சேவை என்ன சாதிக்கும் என்பதை வன்னி மண் முன்பே கண்டிருக்கிறது. காடும் குளமும் சூழ்ந்த நமது பகுதியை மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டியது. அரசின் மலேரியா எதிர்ப்பு இயக்கத்தோடு வெளிநாட்டு நிதியுதவி பெற்ற உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து, நடமாடும் கிளினிக்குகளில் இரத்தம் சோதித்தன. மருந்தூட்டிய நுளம்பு வலைகளைக் கொடுத்தன. 2012 ஒக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக நாட்டுக்குள் தொற்றிய மலேரியா நோயாளி எவரும் பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அங்கே தருமப் பணமும் அரச சேவையும் ஒரே திட்டத்துக்குள் நின்றன.

மருந்து அனுப்புவோருக்கும் ஒரு வேண்டுகோள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பல நாடுகளிலிருந்தும் நம்மவர்கள் உதவினார்கள்; அது மறக்கக்கூடியது அல்ல. ஆயினும் நன்கொடை மருந்துகள் பெறுபவர் கேட்டவையாக இருக்க வேண்டும், வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டுக் காலாவதி மீதமிருக்க வேண்டும் என்பன உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் உள்ள விதிகள். உங்கள் மாவட்டத்தின் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிடம் தேவைப் பட்டியலைக் கேட்டு வாங்கிய பின்னரே பெட்டியைக் கட்டுங்கள். அங்கே பேசும்போது, கிளினிக்குக்கு வராமல் நின்றுபோன நோயாளிகள் எந்தக் கிராமங்களில் அதிகம் என்றும் விசாரியுங்கள். அந்தக் கிராமங்களிலிருந்து கிளினிக் நாளில் ஒரு வாகனம் ஓடுவதற்கான மாதச் செலவை உங்கள் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.