பின்னால் வரும் காலடி பின்னாலிருந்தே கேட்கட்டும்

நடுவர் அவர்களுக்கும், கொருக்குப்பேட்டையில் இந்தத் தெருவையே அரங்கமாக்கி உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், முன் வரிசைப் பிள்ளைகளுக்கும், எதிரணிக்கும் என் வணக்கம்.

கணினி விளையாட்டின் ஒலியை முழுதாகத் தருவது ஹெட்போனா, ஹோம் தியேட்டர் ரிசீவரா என்பது தலைப்பு. ரிசீவர் என்றால், ஒலியை வாங்கி, அறையைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. ரிசீவரே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி மூன்று விஷயம் சொன்னார். ரிசீவரில் இணைத்தாலும் பின்னால் இருக்கும் ஸ்பீக்கர்கள் வாயே திறப்பதில்லை என்றார். ஹெட்போனிலேயே இப்போது எல்லாத் திசையும் கேட்கிறது என்றார். வடசென்னை வீடுகளில் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கிறது, ராத்திரி ஸ்பீக்கர் போட்டால் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டுவார் என்றார். மூன்றுமே நியாயமான பேச்சுதான். முதல் விஷயத்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன் நடுவர் அவர்களே. ஏனென்றால் அதே தொல்லையை ஏழு மாதம் பட்டவள் நான்.

எங்கள் வீடு காசிமேட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடி கூடம். பழைய ரிசீவர் ஒன்றை வாங்கி, முன்னால் மூன்று ஸ்பீக்கர், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே கனத்த அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர், பின்னால் இரண்டு என்று நானும் என் கூடப்பிறந்த தம்பியுமாக வைத்தோம். பின் ஸ்பீக்கர் இரண்டையும் லாஃப்டின் இரு முனையிலும் ஏற்றி, ஒயரை நிலைப்படி ஓரமாக ஆணி அடித்துக் கொண்டுவந்தோம். கணினியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் கேபிள். டிவிடி போட்டால் ஹெலிகாப்டர் தலையைச் சுற்றி வருகிறது. கேமைத் திறந்தால் சத்தமெல்லாம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஸ்டூல் போட்டு ஏறி, பின் ஸ்பீக்கரின் வலையில் காதை ஒட்டிக் கேட்டேன். மெல்லிய உஸ் என்ற சத்தம் மட்டும்தான்.

ரிசீவரை ஆட்டோவில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினார், ஐந்து ஸ்பீக்கரும் பாடின. சரியாகிவிட்டது என்று எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், முன்னால் கேட்கும் அதே சத்தம்தான் பின்னாலும் கேட்கிறது. முன்னால் இருக்கும் எதிரி சுட்டாலும் என் முதுகுக்குப் பின்னால் வெடிக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும் பட்டன் அது. கல்யாண வீட்டில் பாட்டுப் போட உதவும், திசை தராது.

ஒரு நாள் ரிசீவரின் முகத்தில் இருக்கும் சின்ன நீலத் திரையைக் கவனித்தேன். படம் ஓடும்போது அதில் டால்பி டிஜிட்டல் என்று எழுத்து வருகிறது. கேம் ஓடும்போது பிசிஎம் (PCM) என்று வருகிறது, அதாவது சுருக்காத ஒலி. ஏழு மாதத்துக்கான பதில் அந்த மூன்று எழுத்தில் இருந்தது.

இதை நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். ஆப்டிகல் கேபிள் ஒரு மீன்பாடி வண்டி மாதிரி. இரண்டு சேனல் ஒலியை, அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலியை, எதையும் சுருக்காமல் அப்படியே ஏற்றிப் போக அளவெடுத்துச் செய்தது. கணினி வழக்கமாக அனுப்பும் தரத்தில், இரண்டு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 15 லட்சம் பிட் ஆகிறது. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்ததுதான் 5.1; அதற்கு ஆறு சேனல் வேண்டும், கணக்கு 46 லட்சத்துக்குப் போய்விடும். அவ்வளவும் அந்த வண்டியில் ஏறாது. அப்படியென்றால் டிவிடிப் படம் எப்படி வந்தது? படத்தின் ஒலியை ஸ்டூடியோவிலேயே ஆறு சேனலாகக் கலந்து, அழுத்திக் கட்டி, டால்பி டிஜிட்டல் பெட்டியாக வட்டில் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி நொடிக்கு 6.4 லட்சம் பிட்டைத் தாண்டாது. கணினி அதைப் பிரிக்காமலே ரிசீவருக்குத் தள்ளிவிடுகிறது. ஐஸ் போட்டுக் கட்டி வந்த மீன் அது.

விளையாட்டின் ஒலி வலையில் துள்ளுகிற மீன். நான் அடுத்த நொடி இடது பக்கம் திரும்புவேனா, வலது பக்கம் ஓடுவேனா என்று அதை எழுதியவருக்கே தெரியாது. என் கை அசையும் நொடியில்தான் ஒவ்வொரு சத்தமும் எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று கணினி கணக்குப் போடுகிறது. முன்கூட்டிக் கட்டிவைக்க முடியாது, அங்கேயே கட்ட வேண்டும். 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் அதைச் செய்தது. அதே ஆண்டு வந்த என்விடியாவின் என்ஃபோர்ஸ் மதர்போர்டு சிப்பும் செய்தது. பிற்பாடு டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் என்ற பெயர்களில் சில சவுண்ட் கார்டுகளில் இந்த வசதி வந்தது. அது இல்லாத கணினி கேமின் ஒலியை ஆப்டிகல் வழியாக இரண்டு சேனலாகத்தான் அனுப்பும். எங்கள் கணினியில் அது இல்லை. ரிசீவர் மேல் ஒரு குற்றமும் இல்லை நடுவர் அவர்களே, ஏற்றி அனுப்பிய சரக்கே இரண்டு பெட்டிதான்.

வழி எங்கள் வீட்டிலேயே, கணினியின் முதுகிலேயே இருந்தது. கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் எச்டிஎம்ஐ. அது படத்தோடு சேர்த்து எட்டு சேனல் வரை சுருக்காத ஒலியைக் கொண்டுபோகும். ஆனால் இங்கேயும் ஒரு குழி இருக்கிறது, பலர் விழுவது இதில்தான். கணினியை நேரே டிவியில் சொருகிவிட்டு, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒரு ஒயர் இழுப்பார்கள். டிவியிடம் உன்னிடம் எத்தனை ஸ்பீக்கர் என்று கணினி கேட்கும். இரண்டு என்று டிவி சொன்னால் விண்டோஸில் 5.1 என்ற தேர்வே வராது. அதனால் கணினியிலிருந்து முதலில் ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி. அப்புறம் விண்டோஸின் ஒலி செட்டிங்கில் 5.1 என்று தேர்ந்து, ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தட்டிச் சோதித்துவிட்டு, கேமை மூடித் திரும்பத் திறக்க வேண்டும். பல கேம்கள் திறக்கும்போது ஒரு தரம்தான் ஸ்பீக்கர் கணக்கைப் பார்க்கும்.

பழைய ரிசீவர் வழியாகப் போனால், நொடிக்கு 144 தரம் படம் மாற்றும் என் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரின் வேகம் படுத்துவிடுமே என்று முன் வரிசையில் ஒரு பிள்ளை கேட்பது காதில் விழுகிறது. மானிட்டரை கிராபிக்ஸ் கார்டின் இன்னொரு துளையான டிஸ்ப்ளேபோர்ட்டில் நேராக மாட்டு கண்ணா. எச்டிஎம்ஐயை ரிசீவருக்குத் தனியாகக் கொடு. அதை இன்னொரு திரை என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும், நினைக்கட்டும். படத்தின் சிக்னல் போனால்தான் அதன் கூடவே ஒலியும் போகும்.

சரி, இரண்டாவது விஷயம். ஹெட்போனிலேயே திசை கேட்கிறது என்றார் தம்பி.

இதோ, கூட்ஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. போகட்டும், ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்கிறேன்.

நடுவர் அவர்களே, மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாரன் கேட்டதும் முன் வரிசையில் தலைகள் இலேசாக அசைந்தன. தண்டவாளம் எந்தப் பக்கம் என்று இந்தத் தெருக்காரர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும், ஆனாலும் தலை திரும்புகிறது. ஏன்? வலப்பக்கச் சத்தம் வலக்காதுக்குக் கொஞ்சம் முந்தி வரும். அந்த வித்தியாசம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதை வைத்தே மூளை இடம் வலம் சொல்லிவிடும். நேர் முன்னால் வரும் சத்தமும் நேர் பின்னால் வரும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. காது மடலின் மடிப்புகள் கொஞ்சம் துப்புக் கொடுக்கும். மிச்சச் சந்தேகத்தைத் தலையைத் திருப்பித்தான் நாம் தீர்த்துக்கொள்கிறோம்.

என் அப்பா முப்பது வருஷம் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கடல் அது. விடியலுக்கு முன்னால் மூட்டத்தில் ஒன்றும் தெரியாதபோது என்ஜினை நிறுத்திவிட்டு, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, தலையை மெதுவாக இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல் திருப்புவாராம். கப்பல் எந்தப் பக்கம் என்று அதிலேயே பிடிபட்டுவிடும் என்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். தலை திரும்பினால் அந்த உலகமும் கூடவே திரும்புகிறது. தலை அசைவை அளந்து ஒலியை மாற்றும் ஹெட்போன்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. தம்பி மேடையில் தூக்கிக் காட்டிய கேமிங் ஹெட்போன் அந்த வகை இல்லை. அதில் வரும் பின்திசை, பொதுவான ஒரு காதுக்குப் போட்ட கணக்கு. என் காது மடல் வேறு, உங்கள் காது மடல் வேறு. அந்தக் கணக்கு சிலருக்குப் பொருந்துகிறது, சிலருக்குப் பின்னால் வரும் காலடி உச்சந்தலைக்குள் கேட்கிறது.

மவுஸைத் திருப்பித் தெரிந்துகொள்ளலாமே என்று தம்பி அடுத்த சுற்றில் கேட்பார். கேட்கலாம். ஆனால் மவுஸைத் திருப்பினால் துப்பாக்கியும் சேர்ந்து திரும்புகிறது. முன்னால் நிற்பவனை விட்டுவிட்டு, பின்னால் யாராவது இருக்கிறாரா என்று பார்க்கிற விளையாட்டு என்ன விளையாட்டு? ஸ்பீக்கர் முன்னால் கையும் கண்ணும் குறியில் இருக்கும், கழுத்து மட்டும் நாலு விரல் திரும்பும்.

அதற்காக எப்படி வேண்டுமானாலும் வைத்துவிட்டு ரிசீவரைக் குறை சொல்லக்கூடாது. பின் ஸ்பீக்கர் காதுக்கு நேர் பக்கத்திலிருந்து சற்றே பின்னால் தள்ளி இருக்க வேண்டும். மூக்கு நுனியை 0 என்று வைத்தால் 110 டிகிரி பக்கம். அப்புறம் தூரம். ஒலி ஓர் அடி நடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். எங்கள் கூடத்தில் முன் ஸ்பீக்கர் எட்டடி, பின் ஸ்பீக்கர் நாலடி. பின் சத்தம் நாலு மில்லி செகண்ட் முந்திக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துவிட்டது. ஸ்கேல் வைத்து அளந்து ரிசீவரில் தூரத்தைப் போட்டோம். பின் ஸ்பீக்கரை அதுவே நிறுத்தி நிதானமாகப் பேச வைத்தது. சின்ன வீடு என்பது இதற்குத் தடையே இல்லை, ஒரு ஸ்கேல் போதும்.

பக்கத்து வீட்டு அக்காவின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் காலை நாலு மணிக்கு எழுந்து மீன் ஏலத்துக்குப் போகிறவர். அவர் தூக்கத்தைக் கெடுத்து எனக்கு ஒரு விளையாட்டும் வேண்டாம். சுவரைத் தாண்டி அதிகம் போவது சப்வூஃபரின் சத்தம். ஒன்பது மணி ஆனால் அதை அணைத்துவிடுவேன். மிச்ச ஐந்து ஸ்பீக்கரையும் நாங்கள் பேசிக்கொள்ளும் அளவுக்குக் கீழே இறக்கிவிடுவேன். இலை மிதிபடும் சத்தம் அப்போதும் என் வலது தோளுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. திசை தெரிய ஒலி ஓங்கி இருக்க வேண்டியதில்லை. நடு ராத்திரிக்கு மேல் விளையாடுகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொள்ளட்டும், அந்த ஒரு வேளையை எதிரணிக்கு மனசாரக் கொடுக்கிறேன்.

எச்டிஎம்ஐ மாட்டிய அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். என் தம்பி ஒரு படகு விளையாட்டைத் திறந்தான். அப்பா பின்னால் கட்டிலில் படுத்திருந்தார். கேமில் வேறொரு படகு பின்னாலிருந்து வந்து எங்களைக் கடந்தது. அந்த என்ஜின் சத்தம் லாஃப்டின் வலது முனையில் கிளம்பி, கதவு ஓரமாக முன்னால் வந்து, டிவிக்குள் போய்ச் சேர்ந்தது. அப்பா எழுந்து உட்கார்ந்தார். வாயை லேசாகத் திறந்தார். கழுத்து இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் நாலு விரல். "இன்னொண்ணு வருது பாரு, உனக்கு இடது பக்கம்" என்றார். திரையில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது ஓரத்தில் படகு வந்தது.

கடலுக்குப் போவதை அவர் விட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவர்தான் எங்களுக்குத் திசை சொன்னார். அவர் காதில் ஹெட்போன் இருந்திருந்தால் தம்பிக்குக் கேட்டிருக்காது, தம்பி காதில் இருந்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்காது.

நடுவர் மணி அடித்துவிட்டார். எதிரணித் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு உன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வா. ஒயர் எங்களிடம் இருக்கிறது. அப்பாவுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். வணக்கம்.