பொடி ரண்டுவக்

நடுவர் அவர்களே, இந்த அட்டன் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோரே, அக்கா தங்கைமாரே, வணக்கம்.

வன்முறைக்கு ஆளாகும் மலையகப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்காமல் தடுப்பது அவளுடைய அச்சமா, அமைப்பின் அலட்சியமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி நன்றாகவே பேசினார். "2005இலேயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, 1938 என்று அவசரத் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது, இவர்கள்தான் வாயைத் திறப்பதில்லை" என்றார். சட்டம் இருக்கிறது, சரி. வாயைத் திறந்த ஒருவரோடு நான் பொலிஸுக்குப் போயிருக்கிறேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவில் இருக்கிற அக்கா அவர். எனக்கு அப்போது பதினேழு வயது. அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவை, விட்டுவிட்டு, மழையில் நனைந்துகொண்டே மலையிறங்கினார். பேர் போனால் அன்றைக்குச் சம்பளமும் போச்சு. பயந்தவர் செய்கிற காரியமா இது?

பொலிஸில் தமிழ் தெரிந்தவர் எவருமில்லை. "யாரையாவது கூட்டி வாங்க" என்றார்கள். வாசலில் நின்றவர் யார் தெரியுமா? அடித்த புருஷனின் பெரியப்பா மகன்! அவரே மொழிபெயர்ப்பாளர் ஆனார். அக்கா அழாமல் சொன்னார்: "கழுத்த நெரிச்சாரு, மூச்சு நின்னு போச்சு." அவர் சிங்களத்தில் சொன்னது: "பொடி ரண்டுவக்." சின்னச் சண்டையாம்! பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எனக்குத் தெரியும். குறுக்கே பேசினேன். "சின்னப் பிள்ளை, வெளியே போ" என்றார்கள்.

எழுதி முடித்ததும் தாளை நீட்டினார்கள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்து வெடித்த விரல்களால், தன்னால் வாசிக்க முடியாத எழுத்துக்குக் கீழே, தமிழில் தன் பெயரை அக்கா நிதானமாக எழுதினார். ஒவ்வோர் எழுத்தாக. எனக்கு அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் சொன்னது 1987இல். தம்பி சொன்ன அதே சட்டத்தின்படி, பொலிஸ் அதிகாரியே பாதிக்கப்பட்டவர் சார்பில் நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். உடனே இடைக்காலக் கட்டளை வாங்கலாம், அப்புறம் பன்னிரண்டு மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை. புருஷனை அந்த வீட்டுக்குள் வரவிடாமலும் தடுக்கலாம். ஆனால் 'சின்னச் சண்டை' என்று எழுதின தாளுக்கு யார் விண்ணப்பிப்பார்?

சரி, வீட்டுக்கு வருவோம். லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிற அந்த ஓர் அறை, அக்கா பெயரில் இல்லை. அடுத்த காம்பரா மாமியாருடையது, நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டளை கிடைத்தாலும் அவர் எங்கே நிம்மதியாகத் தூங்குவார்? இதற்கெல்லாம் "வீட்டுக்கு வீடு வாசற்படி" என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது.

இதிலிருந்து தப்பிக்கத்தான் எத்தனையோ பேர் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிறார்கள். அங்கே பல நாடுகளில் கஃபாலா முறை. விசா முதலாளி பொறுப்பில், பல வீடுகளில் கடவுச்சீட்டும் அவர் அலுமாரியில். அடி தாங்காமல் வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று அவரே முறைப்பாடு கொடுக்கலாம். அடிபட்டவளைத்தான் பொலிஸ் தேடும். அங்கே அரபி, இங்கே சிங்களம். இரண்டு இடத்திலும் அவளுடைய வார்த்தை அவளுடையதாகப் பதிவாகவில்லை.

ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் எந்த நேரமும் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி இருக்கட்டும். ஒப்பம் வாங்குமுன் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். சொந்தக்காரர் மொழிபெயர்க்கவே கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் பெண்கள் வராவிட்டால், அச்சம் என்று தம்பி சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அக்கா வாயைத் திறந்தார், நடுவர் அவர்களே. அந்தத் தாளில் இருந்த 'பொடி ரண்டுவக்'குக்கு எதிரணி பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.