சிலிக்கானே இல்லாம ஒரு சல்லடை! எடித் ஃபிளானிகன் குழு போட்ட 13 + 15 கணக்கு

[திரையில்: உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்]

இந்தத் தூள் ஒரு கிராம் இருக்கும். இதுக்குள்ள இருக்குற துளைகளோட சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா 600 சதுர மீட்டரைத் தாண்டும்! பேரு ஜியோலைட் ஒய். கச்சா எண்ணெயோட கனமான பகுதியை உடைச்சு பெட்ரோலாக்குற வினையூக்கியில முக்கியமான சரக்கே இதுதான். இதை வளர்த்தெடுத்தவங்கள்ல ஒருத்தர் எடித் ஃபிளானிகன். வேதியியல் படிச்சவங்களுக்கே இந்தப் பேரு தெரியலைங்குறது எனக்கு நிஜமாவே வருத்தம்.

வாழ்க்கைக் கதையை வேகமா சொல்லிடறேன். 1929-ல அமெரிக்காவோட பஃபலோ நகரத்துல பிறந்தாங்க. சிராகியூஸ் பல்கலைக்கழகத்துல முதுநிலைப் பட்டம். 1952-ல யூனியன் கார்பைடுல வேலை. பேரைக் கேட்டதும் போபால் ஞாபகம் வருதா? அதே கம்பெனிதான். இவங்க இருந்தது அமெரிக்காவுல இருந்த ஆய்வுக்கூடத்துல. 1956-ல மூலக்கூறு சல்லடைப் பக்கம் வந்தாங்க.

அதென்ன மூலக்கூறு சல்லடை? ஜியோலைட் மாதிரி நுண்துளைப் பொருள்தான். அதுல இருக்குற ஓட்டைகள் எல்லாமே அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவு, ஒரு நானோமீட்டர்கூட இருக்காது. அதனால எடையைப் பார்த்து இல்ல, உருவத்தைப் பார்த்து உள்ள விடும். பாம்பு புகுற வளையில ஆமை புக முடியுமா? அதே மாதிரி, 5ஏ-ங்குற சல்லடையில நேர்ச் சங்கிலி ஹெக்சேன் நுழைஞ்சிடும், கிளை விட்ட ஐசோ ஆக்டேன் வாசல்லயே நின்னுடும்.

சரி, இப்போதான் நான் இந்த வீடியோவே எடுத்ததுக்கான விஷயம். தனிம வரிசை அட்டவணை பக்கத்துல இருந்தா எடுங்க. இல்லன்னா வீடியோவை நிறுத்திட்டுத் தேடி எடுத்துட்டு வாங்க, நான் இங்கயேதான் இருப்பேன்.

[திரையில்: 13 அலுமினியம், 14 சிலிக்கான், 15 பாஸ்பரஸ்]

அதுவரைக்கும் ஜியோலைட்டுன்னா சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் கோத்த கூடு. சிலிக்கான் இல்லாம அந்தக் கூட்டைக் கட்ட முடியுமா? 14-க்கு இடப்பக்கம் பாருங்க, 13. வலப்பக்கம், 15. ரெண்டையும் கூட்டினா 28, பாதி 14! வெளிக்கூட்டு எலக்ட்ரானும் அப்படித்தான்: அலுமினியத்துக்கு 3, பாஸ்பரஸுக்கு 5, மொத்தம் 8. ரெண்டு சிலிக்கானுக்கு நாலு நாலா அதே 8. அப்போ ரெண்டு சிலிக்கான் உட்கார்ற இடத்துல ஒரு அலுமினியத்தையும் ஒரு பாஸ்பரஸையும் மாத்தி மாத்தி உட்கார வெச்சா கூடு நிக்கணும்ல? நின்னுச்சு! நடுவுல கரிம அமீன்களை (நைட்ரஜன் இருக்குற கரிமச் சேர்மங்கள்) வெச்சு, அதைச் சுத்திக் கூட்டை வளர்த்து, அப்புறம் சூடாக்கி அமீனை எரிச்சு வெளியேத்தினாங்க. 1982-ல யூனியன் கார்பைடு குழு இதை வெளியிட்டுச்சு, எடித்தும் அதுல ஒருத்தர். ஒரு பொருள் இல்ல, அல்போங்குற ஒரு குடும்பமே பிறந்தது. இந்தக் கணக்கை முதல்முறை படிச்சப்போ நான் எழுந்து நின்னுட்டேன்.

ஆனா ஒரு குறை. இந்தக் கூட்டுக்கு மின்சுமையே கிடையாது, அமிலத்தன்மையும் இல்ல. வினையூக்கியா இது எப்படி வேலை செய்யும்? அதனால கொஞ்சம் பாஸ்பரஸை எடுத்துட்டு, அந்த இடத்துல சிலிக்கானை வெச்சாங்க. 5 இருந்த இடத்துல 4. ஒரு எதிர்ச்சுமை மிஞ்சும், அதைச் சமன் செய்ய ஒரு புரோட்டான் வந்து ஒட்டும். அந்தப் புரோட்டான்தான் அமிலம்! துரத்திவிட்ட சிலிக்கானையே அளவா திரும்பக் கூப்பிட்டிருக்காங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

இந்த வகைக்குப் பேரு சாபோ. அதுல சாபோ-34-ஓட வாசல் வெறும் 3.8 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.38 நானோமீட்டர். மெத்தனால் உள்ள போகும், எத்திலீனும் புரொப்பிலீனும் வெளிய வரும். உள்ளேயே பெருத்துட்ட மூலக்கூறு வெளிய வரவே முடியாது. சீனாவுல 2010-லேர்ந்து பெரிய ஆலைகள்ல மெத்தனாலைப் பிளாஸ்டிக் மூலப்பொருளா மாத்துறது இந்த வகை வினையூக்கிதான்.

தொழில்துறை வேதியியலுக்காக அமெரிக்காவுல தர்ற பெர்கின் பதக்கத்தை 1992-ல வாங்கினாங்க எடித், அதை வாங்கின முதல் பெண்மணி இவங்கதான். செயற்கை மரகதம்கூட செஞ்சாங்க, அதுக்குத் தனி வீடியோவே போடலாம்.

அட்டவணையை மூடிடாதீங்க! 32-ல ஜெர்மேனியம் இருக்கு. அதே கணக்கை அங்க போடுங்க, ரெண்டு பக்கத்து ஆளையும் சேருங்க. வர்ற சேர்மம் ஒரு பேர் போன குறைக்கடத்தி. பேரு என்னன்னு கமெண்ட்ல எழுதுங்க.