பைபாஸ் வால்வை எங்க பூட்டுறது? ஹரோ தம்பியின்ர கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. லண்டன், ஹரோவில இருந்து ஒரு தம்பி வொய்ஸ் மெசேஜா அனுப்பினது. "அண்ணா, வீட்டு ஹீட்டிங்கைப் புதுசா மாத்தினனாங்கள். அறையெல்லாம் சூடாகி ஹீட்டிங் தானா நிண்ட உடன பைப்புக்குள்ள டக் டக் எண்டு சத்தம். சில நேரம் பொயிலரும் லொக் ஆகிடுது. பைபாஸ் வால்வு ஒண்டு இருக்கு, மோட்டர் வால்வுக்குப் பிறகு பூட்டியிருக்கினம். அது சரியான இடமா?"

இதைக் கேட்ட நேரத்தில இருந்து எனக்குச் சந்தோசம். வீட்டில மனுசி சிரிக்கிறா. திருகோணமலை வெய்யிலுக்குள்ள ஃபேனைப் போட்டுக்கொண்டு ஹீட்டிங் கதைக்கிற ஆள் நீங்கள் ஒராள்தான் எண்டு. உண்மைதான், எங்களுக்குச் சுடுதண்ணி வேணுமெண்டா கன்னியாவில ஏழு கிணறு கிடக்கு, கேஸ் பில்லும் இல்லை. ஆனா கேள்வி நல்ல கேள்வி. தெரியாத ஆக்களுக்குச் சொல்லிடுறன்: பொயிலர் தண்ணியைச் சூடாக்கும், பம்ப் அதை அறையளில இருக்கிற ரேடியேட்டருக்கு அனுப்பும். அந்தப் போற வழியைத் திறந்து மூடுறது மோட்டர் வால்வு. வழி மூடி அழுத்தம் ஏறினா தானாத் திறந்து, தண்ணியைக் குறுக்கால திருப்பி விடுறது பைபாஸ் வால்வு.

பதிலை முதலே சொல்லிடுறன். பம்புக்குப் பிறகு, மோட்டர் வால்வுக்கு முதல். பொயிலரில இருந்து சூடா வெளிக்கிடுற பைப்பில, பம்பைத் தாண்டின உடன 'T' வடிவ இணைப்பு ஒண்டு போட்டு, திரும்பி வாற பைப்பில கொண்டுபோய்ச் சேர்க்கோணும். நடுவில பைபாஸ் வால்வு. வால்வின்ர உடம்பில அம்புக்குறி இருக்கும், அது திரும்பி வாற பைப்பைப் பாத்தபடி இருக்கோணும். தம்பி, உங்கட வீட்டில பூட்டியிருக்கிற இடம் பிழை.

ஏன் பிழை? எங்கட பழைய ஆக்களுக்கு நான் என்ன சொல்லப்போறன் எண்டு தெரியும். குளத்துக் கதைதான். தம்பலகாமத்தில வயல் செய்யிற ஆளைக் கேளுங்கோ. துருசைத் திறந்தா வாய்க்காலில தண்ணி போகும், மூடினா நிக்கும். துருசெல்லாம் மூடியிருக்க மழை கொட்டினா? குளம் வான் பாயும், மிஞ்சின தண்ணி வழிஞ்சு போகும். அந்த வானை எங்க கட்டுறது? குளக்கட்டிலதானே. துருசுக்குக் கீழ, வாய்க்காலுக்குள்ள கொண்டுபோய் ஆராவது வான் கட்டுவாங்களா? துருசை மூடினா அங்க தண்ணியே வராதே! உங்கட மோட்டர் வால்வுதான் துருசு, பைபாஸ்தான் வான். உங்கட ஆள் வானை வாய்க்காலுக்குள்ள கட்டிவிட்டிட்டார்.

இப்ப அந்த டக் டக். அறை சூடாகின உடன தெர்மோஸ்டாட் மோட்டர் வால்வை மூடுது, பொயிலரில நெருப்பும் நிக்குது. ஆனா பம்ப் உடன நிக்காது. பொயிலருக்குள்ள மிஞ்சிக் கிடக்கிற சூட்டை எடுக்க இன்னும் சில நிமிசம் ஓடும், அப்பிடித்தான் செய்திருக்கிறாங்கள். அந்த நேரம் தண்ணிக்குப் போக வழியில்லை. உள்ளுக்க நிக்கிற தண்ணி கொதிக்கப் பாக்கும், கேத்தில் மாதிரி இரையும். சூடு எல்லை தாண்டினா பாதுகாப்புக்காகப் பொயிலர் தன்னைத்தானே லொக் பண்ணிடும். பம்ப் ஓடுற வரைக்கும் தண்ணிக்கு ஒரு வழி இருக்கோணும். எல்லா வீடியோவிலயும் சொல்லுறன், இதிலயும் சொல்லுறன்.

நான் டோஹாவில ஒரு கட்டிடத்தில மெயின்டனன்ஸ் செய்த காலம், அங்க குளிர்தண்ணி பிளான்ட். ஏசிக்குப் போற தண்ணி. அதுக்கும் இதே பைபாஸ்தான், என்ன, ஆள் பெரிசு. டிசம்பர் மாதம் இரவில குளிர, அறையளில வால்வெல்லாம் ஒண்டொண்டா மூடிட்டுது. பைபாஸும் திறக்கேல்லை, அதின்ர சென்சருக்குப் போற சின்னக் குழாயை ஆரோ மூடிப்போட்டு மறந்திட்டான். நான் போகேக்க பிரஷர் கேஜ் முள்ளு நிண்ட இடத்தில நிண்டு நடுங்குது. பம்ப் உடம்பில கை வைக்கேலாது. குளிர்தண்ணி பம்ப், சுடுது! ஓடாத தண்ணியைத் திருப்பித் திருப்பிக் கடைஞ்சா அப்பிடித்தான். அந்தச் சின்னக் குழாயைத் திறந்துவிட்ட உடன எல்லாம் அடங்கிட்டுது.

இன்னும் ஒண்டு, பைபாஸைப் பொயிலருக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒட்டிப்போடாதீங்கோ. சூட்டுத்தண்ணி ரெண்டு முழம் ஓடித் திரும்ப உள்ளுக்க வந்தா, பொயிலர் சும்மா நிண்டு நிண்டு பத்தும். கன பொயிலர் கையேட்டில குறைஞ்சது 1.5 மீற்றர் தள்ளி எண்டு போட்டிருக்கும். உங்கட கையேட்டில என்ன இருக்கோ அதுதான் கணக்கு. ஹீட்டிங்கும் குழாய்ச் சுடுதண்ணியும் ஒண்டிலயே தாற கொம்பி பொயிலர் எண்டா உள்ளுக்கயே பைபாஸ் இருக்கக்கூடும், வாங்க முதல் அதையும் பாருங்கோ. பொயிலர் மூடியை மட்டும் நீங்கள் கழட்டவேண்டாம். அங்க அதுக்குக் கேஸ் சேஃப் பதிவு உள்ள ஆள்தான் கை வைக்கலாம்.

சரி, தம்பி கேக்காத கேள்விக்கு வாறன். எங்க பூட்டுறது எண்டது பிளம்பருக்கு ஒரு நாள் வேலை. எவ்வளவு இறுக்கி வைக்கிறது எண்டதிலதான் உங்கட காசு கிடக்கு. கன வீட்டில பைபாஸ் வால்வில இருக்கிற திருகியைத் தொட்டே பாத்திருக்காயினம். எவ்வளவு அழுத்தத்தில திறக்கோணும் எண்டு அதில 0.1, 0.2 எண்டு 0.5 பார் வரைக்கும் எழுதியிருக்கும். தளர்வா விட்டா எந்த நேரமும் வான் பாயும். சூட்டுத்தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வரும். இப்பத்தைய கொன்டென்சிங் பொயிலருக்குத் திரும்பி வாற தண்ணி ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழ இருக்கோணும். அப்பதான் புகையில போற நீராவி தண்ணியாகி அந்தச் சூடும் உங்களுக்குக் கிடைக்கும். பைபாஸ் எந்த நேரமும் திறந்து கிடந்தா கொன்டென்சிங் எண்டு காசு குடுத்து வாங்கினது வீண்.

செய்யிற விதம் லேசு. எல்லா ரேடியேட்டரையும் முழுசாத் திறந்து ஹீட்டிங்கை ஓடவிடுங்கோ. பைபாஸ் திருகியைக் கூடின நம்பருக்கு வைச்சு, அதுக்கு அங்கால உள்ள பைப்பில கையை வையுங்கோ, சூடு வரக்கூடாது. மெல்ல மெல்லக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. பைப் சூடாகத் தொடங்கினா நிப்பாட்டி, கொஞ்சம் திரும்ப ஏத்திவிடுங்கோ. பிறகு ரேடியேட்டர் வால்வுகளை ஒவ்வொண்டா மூடிப் பாருங்கோ. இப்ப அந்தப் பைப் சூடாகோணும்.

இதில ஒரு வில்லங்கம் இருக்கு. இப்ப வாற பம்ப் சிலது கெட்டித்தனம் கூடினது, வால்வுகள் மூட மூடத் தானே அழுத்தத்தைக் குறைச்சுக்கொள்ளும். அழுத்தம் ஏறாட்டி பைபாஸ் எப்பிடித் திறக்கும்? இடமும் சரி, நம்பரும் சரி, ஆனாலும் டக் டக் நிக்காது. அதால தம்பி, பிளம்பரைக் கூப்பிட்டு வால்வை இடம் மாத்திற அண்டைக்கே, பம்பை எந்த மோட்டில விட்டிருக்கு எண்டும் கேளுங்கோ. பம்பின்ர முகப்பை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.

அடுத்தது நிலாவெளி அக்கா கேட்ட சோலார் டாங்கிக் கேள்வி.