தண்ணீர் தெளிய எத்தனை நாள்?

(அரூரில் கல்லூரி மாணவர்களின் மூன்று நாள் முகாமில், முதல் நாள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மேசைமேல் இரண்டு பாட்டில்கள் வைத்திருக்கிறேன். ஒன்று பளிங்குபோல் இருக்கிறது. இன்னொன்று பால் சேர்க்காத டீயைப்போல் இருக்கிறது. எதைக் குடிப்பீர்கள் என்று கேட்டால் எல்லோரும் முதல் பாட்டிலைத்தான் காட்டுவீர்கள்.

அது ஆழ்துளைக் கிணற்று நீர். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழுப்பேறிய பற்களை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறோம். பற்களை அப்படிக் கெடுப்பது நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு உப்பு. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. அதைத் தாண்டிய நீரும் இதே பளிங்காகத்தான் இருக்கும், ஏனென்றால் கரைந்துபோன உப்பு வெளிச்சத்தை மறிப்பதில்லை. ஒகேனக்கல்லில் இருந்து காவிரியைக் குழாய் போட்டுக் கொண்டுவந்ததே இதனால்தான். ஆகவே, தெளிவை வைத்துத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று முடிவு செய்யாதீர்கள்.

பிறகு எதற்கு இன்று தெளிவைப் பற்றிப் பேச்சு? மலை ஓடையின் தெளிவு, தண்ணீரைவிட மலையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இந்த இரண்டாம் பாட்டில், மழை பெய்த மறுநாள் சித்தேரி மலையடிவாரத்து ஓடையில் பிடித்தது. இப்போது குலுக்குகிறேன். பாருங்கள், மணல் அதற்குள் அடியில் உட்கார்ந்துவிட்டது. களிமண் அப்படி இறங்காது. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தத் துகள். அசையாத நீரில் அது ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய மூன்று நாளாகும்.

கலங்கலை அளக்க ஒரு சுலபமான வழி உண்டு. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், மத்தியதரைக் கடலில் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொண்டார். (அவர் வானியலாளர். சூரியனை ஆராய்ந்தவர் குனிந்து கடலையும் பார்த்திருக்கிறார்!) நம் ஓடைகளில் முழங்கால் ஆழம்கூட இல்லாததால் தட்டு இறக்க வழியில்லை. அதனால் ஒரு மீட்டர் நீளமுள்ள ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயின் அடியை மூடி, உள்ளே கறுப்பு வெள்ளைக் குறி ஒன்றை ஒட்டியிருக்கிறேன். ஓடை நீரை நிரப்பி, மேலிருந்து பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும். குறி தெரியும் கணத்தில் நிறுத்தி உயரத்தைப் படித்தால் வேலை முடிந்தது. கையில் கொடுக்கிறேன், சுற்றுக்கு விடுங்கள்.

ஆனால் ஒரு நாள் அளவு ஒன்றும் சொல்லாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்று எந்த ஓடையும் செந்நிறம்தான். கேட்க வேண்டிய கேள்வி, மழை விட்டபின் தெளிய எவ்வளவு நேரமாகிறது என்பது.

மண் இறங்கவே மூன்று நாளென்றால் ஓடை எப்படிச் சில மணி நேரத்தில் தெளியும்? மண் இறங்கித் தெளிவதில்லை. கலங்கிய நீர் கீழே போய்விடுகிறது, பின்னால் ஊற்று நீர் வருகிறது. மரமும் சருகும் மூடிய சரிவு மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். அது வடிகட்டிய நீர். மொட்டையாக உழுத சரிவும் வெட்டிப் போட்ட சாலையோரமும் குடிப்பதில்லை. மழை அப்படியே மேலோடி மண்ணை அரித்துக்கொண்டு வரும். அங்கே சிறு தூறலுக்கும் ஓடை கலங்கும்.

இதிலும் நான் ஒருமுறை ஏமாந்தேன். கோடையில் ஓர் ஓடை, அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்போல அத்தனை தெளிவு. நோட்டில் ‘நன்று’ என்று எழுதிவிட்டுக் காலை உள்ளே வைத்தேன். குபீரென்று புகைபோல் வண்டல் கிளம்பியது. ஒரு கல்லைப் பெயர்த்துத் திருப்பினேன். பாதிக்கு மேல் சேற்றில் புதைந்திருந்தது, அடியில் ஓர் உயிரும் இல்லை. நல்ல ஓடையில் கல்லுக்கடியில் மூன்று வால் கொண்ட சிறு பூச்சிகள் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். மணலைக் கோத்துத் தனக்கொரு கூடு கட்டிக்கொள்ளும் புழுவும் இருக்கும். கல்லிடுக்கில் காற்றோட்டமுள்ள நீர் ஓடினால்தான் அவற்றுக்கு வாழ்வு. போன மழையின் சேறு இடுக்கை அடைத்திருந்தது. ‘நன்று’ என்பதை அங்கேயே அடித்தேன்.

தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் உரசினால் நீர் தெளிந்துவிடுமே என்று முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார். உண்மைதான் ஐயா. அதன் பசை துகள்களைத் திரட்டிக் கீழே இறக்கும். அதனால் பானை தெளியும், மலை தெளியாது.

நாளைக் காலை வாணியாற்றங்கரைக்குப் போகிறோம். குழாயை மறக்காமல் எடுத்துவாருங்கள். இந்தக் கலங்கல் பாட்டிலை யாரும் தொடாமல் மேசையிலேயே விட்டுவைப்போம். முகாம் முடியும் அன்று அதற்குப் பின்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்து, எத்தனை எழுத்து தெரிகிறது என்று பார்க்கலாம்.