முளை பிடித்தால் தூக்கம் பிடிக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் மொரீசியஸில் ‘கம்ப்மான்’ என்றால் கடலோர பங்களா. கட்டில், குழாய்த் தண்ணீர், கதவுக்குப் பூட்டு எல்லாம் இருக்கும். அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, சாவியை வாங்கினால் தீர்ந்தது. இன்று நான் பேச வந்தது துணிக் கூடாரம் பற்றி. போர்ட் லூயிஸிலிருந்து அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஒரு சின்னக் கடற்கரை. கார் ஓரிடத்தில் நின்றுவிடும். மீதித் தூரம் சவுக்கு மரங்களுக்கு நடுவே சாமான்களைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அங்கே ஓர் இரவு தங்குவதற்கு என்னென்ன வேண்டும், எது எதனால் கெடுகிறது என்று பார்ப்போம்.

முதலில் அனுமதி. கடலோரத்தில் 81.21 மீட்டர் அகலத்துக்கு நிலம் அரசுக்குரியது. ‘பா ஜியோமெத்ரிக்’ என்று நாம் சொல்வது அதைத்தான். அரசு நிலம்தானே, எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். போட முடியாது. அந்த நிலத்தில் பல பகுதிகள் ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் குத்தகைக்குப் போயிருக்கின்றன. பொதுக் கடற்கரையில் இரவு தங்குவதற்கு பீச் அத்தாரிட்டியின் அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நிறுவனம் அது. சீட்டில் எந்தக் கடற்கரை, எந்தத் தேதி என்று எழுதியிருக்கிறதோ அங்கே, அன்றைக்கு மட்டும்தான். கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் தாளையும் கையோடு கொண்டு போங்கள். இரவில் பேட்டரி தீர்ந்த கைபேசி யாருக்கும் அத்தாட்சி ஆகாது.

இனி சுமை. இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், ஓர் இரவு என்று வைத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், ஆக 16 லிட்டர். பாத்திரம் அலசவும் கால் கழுவவும் இன்னொரு 5 லிட்டர். தண்ணீர் மட்டுமே 21 கிலோ ஆகிவிட்டது. கூடாரம் 5, 6 கிலோ. படுக்கையும் போர்வையும் 7 கிலோ. அடுப்பு, சாப்பாடு, ஐஸ் பெட்டி என்று 12 கிலோ. மொத்தம் 45 கிலோவுக்கு மேல். இரண்டு பெரியவர்கள் இரண்டு நடையில் கொண்டு சேர்க்கலாம். ஆனால் 20 லிட்டர் கேன் வேண்டவே வேண்டாம். ஒரு கையில் அதைத் தூக்கி மணலில் நடந்தால் மறுநாள் இடுப்பு பதில் சொல்லும். 5 லிட்டர் கேன்களாக எடுத்து இரு கையிலும் சமமாகப் பிடியுங்கள். சின்னச் சக்கரத் தள்ளுவண்டி தார்ச் சாலையில் ஓடும், மணலில் ஏர் உழும்.

முதல் நடையில் எதைக் கொண்டு போவது என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஐஸ் பெட்டியும் சாப்பாடும் முதலில் போகும். பெட்டி திறக்கும், பிள்ளைகள் உட்காருவார்கள், பெரியவர்களும் உட்காருவார்கள். கூடாரம் காரிலேயே இருக்கும். ஜூலை மாதத்தில் நம் ஊரில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைகிறது. ஆறரைக்குக் கூடார முளை அடிக்கத் தொடங்கினால் டார்ச்சைப் பிடிக்க ஓர் ஆள், திட்டுவதற்கு ஓர் ஆள் என்று ஆகிவிடும். பிற்பகல் 3 மணிக்கு இடத்தில் இருங்கள். முதல் நடையில் கூடாரம், தார்ப்பாய், கயிறு, சின்ன மண்வெட்டி, விளக்கு. தண்ணீரும் சாப்பாடும் இரண்டாம் நடையில் வரட்டும்.

இடம் தேர்வு. நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களிலேயே அரை மீட்டர் அளவுதான். அதை நம்பித்தான் பலர் தண்ணீருக்குப் பக்கத்தில் படுக்கிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் தெற்கே வெகுதூரத்தில் அடிக்கிற புயல் பேரலைகளை அனுப்பும். ‘ரா டெ மரே’ என்று சொல்கிறோமே, அதுதான். இங்கே காற்றே இல்லாத இரவிலும் அது வரலாம். கிளம்பும் முன் வாக்குவாவிலிருந்து வரும் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். பேரலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இல்லாத நாளிலும், உலர்ந்த கடல்பாசி வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பாருங்கள். அலை கடைசியாக எட்டிய இடம் அது. அதற்கு மேலே, மரவரிசைக்குப் பக்கமாகப் போய்விடுங்கள்.

மரத்தடி என்றதும் அண்ணாந்து பாருங்கள். சவுக்கை இங்கே ஃபிலாவோ என்கிறோம். கரை அரித்து வேர் வெளியே தெரிகிற மரத்தடி கூடாது. பட்டுப்போன கிளைக்குக் கீழேயும் கூடாது. காற்று கொஞ்சம் பலத்தாலே அந்தக் கிளைகள் முறிந்து விழும். தென்னைக்குக் கீழே ஏன் படுக்கக் கூடாது என்று தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முளை. கடற்கரையில் ஓர் இரவு பாழானால் மழை மேலும் கொசு மேலும் பழி போடுகிறோம். பெரும்பாலும் காரணம் முளைதான். கூடாரத்தோடு பையில் வரும் கம்பி முளை புல்தரைக்குச் செய்தது. நம் பவள மணல் காய்ந்தால் உமி மாதிரி. குத்தினால் உள்ளே போகும், இழுத்தால் அப்படியே வெளியே வரும். சாயங்காலம் நின்ற கூடாரம் நள்ளிரவில் முகத்தில் விழுவது இப்படித்தான்.

மணலுக்கு வேண்டியது புதைமுளை. அரிசிப் பை போல, 5 லிட்டர் மணல் பிடிக்கிற துணிப்பை எட்டு வேண்டும். பிளாஸ்டிக் பை கிழியும், கிழிந்தது கடலுக்குப் போகும். நாட்டில் பிளாஸ்டிக் பைக்கு 2016 ஜனவரி முதலே தடையும் இருக்கிறது. பையில் ஈர மணலை நிரப்பி வாயைக் கட்டுங்கள். பை ஒவ்வொன்றும் 8 கிலோவுக்குக் குறையாது. கூடாரத்தின் மூலையிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி, 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். குழியின் நீளப் பக்கம் கயிற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பையின் நடுவில் கயிற்றைச் சுற்றிப் படுக்கை வாட்டத்தில் வையுங்கள்.

அடுத்த வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குழியிலிருந்து கூடாரத்தைப் பார்த்து, கயிறு சாய்வாக மேலே ஏறிவர மணலில் ஒரு சின்ன வாய்க்கால் கீறுங்கள். அது இல்லாவிட்டால் கயிறு குழியின் விளிம்பில் மடங்கிச் செங்குத்தாக நிற்கும், காற்று இழுக்கும்போது பை மேல்நோக்கிப் பிடுங்கப்படும். வாய்க்கால் இருந்தால் இழுப்பு பக்கவாட்டில் போகும், முன்னால் இருக்கிற மணல் முழுவதும் தடுத்து நிற்கும். பிறகு மணலை மூடி, காலால் மிதித்து, மேலே இரண்டு லிட்டர் கடல்நீர் ஊற்றுங்கள். ஈர மணல் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும். பை போதாவிட்டால் தரையில் விழுந்து கிடக்கிற சவுக்குக் கட்டையில் கை மொத்தமுள்ளதாக, 40 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்றை அதே மாதிரி குறுக்காகப் புதைக்கலாம். நிற்கிற மரத்தில் மட்டும் கயிறு கட்டாதீர்கள். மரம் ஆடினால் கூடாரமும் ஆடும், தையல் பிரியும்.

கயிறு பாலியெஸ்டராக இருப்பது நல்லது. நைலான் ஈரத்தில் இழுபட்டுத் தொய்யும். எந்தக் கயிறானாலும் படுக்கப் போகும் முன் ஒரு தடவை எல்லாவற்றையும் இறுக்குங்கள். இறுக்கும் முடிச்சு மணலுக்கு மேலே கையெட்டும் இடத்தில் இருக்கட்டும், இருட்டில் குழி தோண்ட வேண்டாம்.

காற்றின் திசை. நம் தீவுக்குப் பொதுவாகத் தென்கிழக்குக் காற்று. பெல் மார் பக்கம், கிழக்குக் கரையில், அது நேராகக் கடலிலிருந்தே அடிக்கும், குழப்பம் இல்லை. அல்பியோன், ஃபிளிக் ஆன் ஃபிளாக் போன்ற மேற்குக் கரையில்தான் ஏமாற்றும். மூன்று மணிக்குக் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். அதைப் பார்த்துக் கூடாரத்தின் முதுகைக் கடலுக்குக் காட்டி, வாசலை ஊர்ப்பக்கம் வைப்பார்கள். இருட்டியதும் கடற்காற்று அடங்கும். பிறகு மலைப்பக்கமிருந்து கரைக்காற்று இறங்கும், தென்கிழக்குக் காற்றும் அதோடு சேரும். விடிய விடிய வாசல் வழியாகக் குளிர். ஆகையால் மேற்குக் கரையில் கூடாரத்தின் தாழ்ந்த, குறுகிய பக்கம் ஊர்ப்பக்கம் இருக்கட்டும். வாசல் கடலைப் பார்க்கட்டும். கண்ணுக்கும் அதுதான் அழகு.

தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடியைவிட நான்கு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழிகிற மழையை வாங்கிக் கூடாரத்துக்கு அடியிலேயே கொண்டு சேர்க்கும். கூடாரம் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் முதலில் தார்ப்பாயின் ஓரத்தைப் பார்க்கலாம். அப்படியே மேல்துணியின் உட்புறத்தையும் தொட்டுப் பாருங்கள். நாலு பேர் ஓர் இரவில் மூச்சாகவும் வியர்வையாகவும் விடுகிற ஈரம் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்காவிட்டால் அது துணியில் படிந்து சொட்டும். மழையே பெய்யாத இரவிலும் போர்வை நனைவது அதனால்தான்.

சமையல். காற்றில்லாத இடமாகப் பார்த்து, அடுப்பைக் கூடாரத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே அடுப்பு பற்றவைப்பது தீ ஆபத்து மட்டுமில்லை, கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். 220 கிராம் கேஸ் டப்பா ஒன்று ஏறக்குறைய 15 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும், ஓர் இரவுக்குத் தாராளம். காற்றுக்குத் தடுப்பு வைக்கும்போது டப்பாவையும் சேர்த்து மூடாதீர்கள். வெப்பம் தேங்கி டப்பா வெடிக்கும். குழம்பையும் ரசத்தையும் வீட்டிலேயே செய்து உறைய வைத்து எடுத்துப் போனால் அவையே ஐஸ் கட்டி. குடிதண்ணீரில் இரண்டு பாட்டிலையும் உறைய வையுங்கள், தனியாக ஐஸ் சுமக்க வேண்டாம். மிச்சச் சாப்பாட்டை மூடியுள்ள டப்பாவில் வைத்துப் பூட்டுங்கள். கடற்கரை நாய்கள் விருந்துக்கு அழைப்பு எதிர்பார்ப்பதில்லை.

கரி அடுப்புக்கு அந்த இடத்தில் அனுமதி இருந்தால், அடுப்பைச் சவுக்கு இலை இல்லாத வெறும் மணலில் வையுங்கள். அந்த ஊசியிலை மெத்தையில் நெருப்பு உள்ளுக்குள்ளேயே புகைந்து ஊரும். அணைக்கும்போது தணலை மணலில் புதைக்கவே கூடாது. மணல் சூட்டைப் போர்த்திக் காக்கும். மேலே பார்த்தால் சாதாரண மணல், பல மணி நேரம் கழித்தும் கீழே தணல். காலையில் வெறுங்காலோடு ஓடுகிற பிள்ளையின் பாதம்தான் அதைக் கண்டுபிடிக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே கரியைத் திரும்ப எடுத்துப் போங்கள்.

கொசு விஷயத்தில் ஒன்று மட்டும். டெங்கு, சிக்குன்குன்யா பரப்பும் புலிக்கொசு பகலில் கடிப்பது, அதிலும் விடியற்காலையிலும் மாலையிலும். கூடாரம் போடுகிற அந்த நாலு, ஐந்து மணிதான் அதற்குச் சாப்பாட்டு வேளை. மருந்தை இருட்டும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கடலில் இறங்குகிறவர்கள் அடி கெட்டியான செருப்போடு இறங்குங்கள். நாம் ‘லாஃப்’ என்கிற கல்மீன் மணலிலும் பவளப்பாறையிலும் கல்லாகவே கிடக்கும். மிதித்துவிட்டால் முள் பட்ட காலைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் 30 நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வையுங்கள். நஞ்சு சூட்டில் செயலிழக்கும். கால் மரத்திருக்கலாம், ஆகவே இன்னொருவர் கையால் சூட்டைப் பார்க்க வேண்டும். அதே நேரம் 114க்கு அழைத்து ‘சாமு’ என்கிற அவசர மருத்துவ ஊர்தியை வரச் சொல்லுங்கள். அடுப்பும் பாத்திரமும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது சாப்பாட்டுக்கு மட்டுமில்லை.

நவம்பர் தொடங்கி மே நடுப்பகுதி வரை புயல் பருவம். அப்போது முதல் எச்சரிக்கை வந்தவுடனே கூடாரத்தை மடியுங்கள், இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஜிப்பில் மணல் போனால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டுத் தண்ணீரில் அலசுங்கள். மணல் தேய்ப்பது ஜிப்பின் பற்களை அல்ல, அவற்றின் மேலே ஓடுகிற, நாம் பிடித்து இழுக்கிற வண்டியை. வண்டி அகன்றுவிட்டால் மூடிய ஜிப் பின்னாலேயே திறந்துகொண்டு வரும். குறட்டால் வண்டியின் இரு பக்கத்தையும் மெல்ல ஒரு நெரி நெரித்தால் இன்னும் சில பயணம் தாங்கும். பிறகு மெழுகுவத்தியை ஜிப்பின் நீளத்துக்கும் தேய்த்துவிடுங்கள். அலுமினியக் கம்பிகளின் இணைப்புகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு உட்கார்ந்தால் வெள்ளை மாவு பூத்துக் கம்பி கழலாது. கூடாரத்தை நன்றாக உலர்த்தியே மடிக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். மேட்டுநிலத்து மழை ஊரான கியூர்பிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூலையில் துணி காய்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ரோஸ் ஹில்லிலோ போர்ட் லூயிஸிலோ சொந்தக்காரர் இருந்தால் வரும் வழியிலேயே அவர்கள் வீட்டுக் கொடியில் இரண்டு மணி நேரம் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு ஏறுங்கள். வணக்கம்.